தைவானின் பழங்குடி மொழிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தைவான் என்றால் நமக்கு சிப் தொழிற்சாலையும் சீனாவோடு நடக்கும் இழுபறியும்தான் ஞாபகம் வரும். மடகாஸ்கர் முதல் ஈஸ்டர் தீவு வரை பரவிய ஒரு மாபெரும் மொழிக்குடும்பத்துக்குத் தாய்வீடு அந்தத் தீவுதான். அந்தத் தாய்வீட்டில்தான் இப்போது பேச்சு அடங்கிக்கொண்டு வருகிறது. இந்த விஷயத்தைப் பேசினாலே திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன்.

ஆஸ்ட்ரோனேசிய மொழிகள் என்பவை எவை?

மலாய், ஜாவானியம், தகாலோக், மலகாசி, மாவோரி, ஹவாயியன், பிஜியன் எல்லாம் ஒரே குடும்பம். மொத்தம் 1,200 மொழிகளுக்கு மேல். கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ வளர்ந்த தமிழருக்கு இதை விளக்குவது சுலபம். மலாயில் ஐந்துக்கு 'லீமா'. பிலிப்பைன்ஸின் தகாலோகிலும் லீமா. நியூசிலாந்தின் மாவோரியில் 'ரிமா', மடகாஸ்கரில் 'டிமி'. தைவான் மலைகளில் பேசும் பைவானிலும், கிழக்குக் கரையின் அமிஸிலும் லீமாதான். ஹவாயில் 'லிமா' என்றால் ஐந்தும் உண்டு, கையும் உண்டு. விரல் விட்டு எண்ணிய காலத்தின் மிச்சம் அது.

தைவான்தான் தாய்வீடு என்று எப்படிச் சொல்கிறார்கள்?

கிளைகள் எங்கே நெருக்கமாகப் பிரிகின்றனவோ அங்கேதான் அடிமரம் இருக்கும். மொழியியலாளர் ராபர்ட் பிளஸ்ட் 1999-இல் போட்ட கணக்குப்படி இந்தக் குடும்பத்துக்குப் பத்து முதன்மைக் கிளைகள். அதில் ஒன்பது தைவானுக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. வெளியே பேசப்படும் ஆயிரத்துச் சொச்சம் மொழிகளும் மிச்சமிருக்கும் அந்த ஒற்றைக் கிளைக்குள் வருகின்றன. கிளைகளை எங்கே வெட்டுவது, எத்தனை என்று எண்ணுவது என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் தகராறு உண்டு. வகைவகையான பழைய கிளைகள் தைவானில் குவிந்திருப்பதில் பெரிய தகராறு இல்லை.

ஒலிகளும் சாட்சி சொல்கின்றன. கண்ணுக்கு மலாயில் 'மாத்தா'. பைவானில் 'மத்ஸ'. பார்த்தால் சின்ன வித்தியாசம். மூதாதை மொழியில் 'த்', 'த்ஸ்' போன்ற ஒன்று என இரண்டு தனி ஒலிகள் இருந்திருக்க வேண்டும் என்று காட்டுவது இப்படிப்பட்ட சொற்கள்தான். தீவை விட்டுப் படகேறியவர்களின் பேச்சில் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிட்டன. வீட்டோடு தங்கியவர்களில் சிலர் பிரித்தே வைத்திருந்தார்கள். தைவான் மொழி ஒன்று போனால், ஆயிரம் மொழிகளின் பழங்கதைக்கு ஒரு சாட்சி குறைகிறது.

இவை சீனத்தின் வட்டார வழக்குகள்தானே?

இல்லை. சீனத்துக்கும் இவற்றுக்கும், தமிழுக்கும் அரபுக்கும் உள்ள அளவுக்குக்கூட அமைப்பில் ஒற்றுமை கிடையாது. சீனத்தில் சொல் உருமாறாது. பைவானில் ஒரு சொல்லின் நடுவிலேயே துண்டைச் செருகுவார்கள். 'கன்' என்பது உண்ணும் வினை. உண்பவரை முன்னிறுத்தினால் முதல் ஒலியான க்-குக்கும் அடுத்து வரும் அ-வுக்கும் இடையே ஒரு 'எம்' நுழைந்து 'கெமன்' ஆகும். உண்ணப்படும் பொருளை முன்னிறுத்தினால் 'கனென்'. மலாய் தெரிந்தவர்கள் இதன் எச்சத்தைப் பார்த்திருப்பார்கள்: 'கீலாங்' என்ற சொல் 'கெமீலாங்' ஆகும் விதம். மலாயில் அது விரல்விட்டு எண்ணக்கூடிய சொற்களில் உறைந்துபோய்க் கிடக்கிறது. பைவானில் இன்னும் ஓடும் எந்திரம்.

இந்த மொழிகளுக்கு எழுத்து இருந்ததா?

ஒன்றுக்கு இருந்தது. அந்தக் கதையைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும்.

1624-இல் டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி தைவானின் தென்மேற்குக் கரையில் கோட்டை கட்டியது. பின்னாலேயே பாதிரியார்கள் வந்தார்கள். 1627-இல் வந்த காண்டிடியஸ், அவருக்குப் பின் யூனியஸ் ஆகியோர் சின்கான் என்ற ஊரில் சிராயா மொழி கற்று, அதை ரோமன் எழுத்தில் எழுதி, பள்ளி நடத்தினார்கள். டானியல் கிராவியஸ் மத்தேயு நற்செய்தியை சிராயாவில் பெயர்த்தார். பக்கத்தில் ஒரு பத்தி டச்சு, மறுபத்தி சிராயா. புத்தகம் ஆம்ஸ்டர்டாமில் அச்சேறிய ஆண்டு 1661. அதே ஆண்டில் கொக்சிங்கா என்று அறியப்படும் சீனப் படைத்தலைவர் செங் செங்குங் படையோடு வந்து கோட்டையை முற்றுகையிட்டார். 1662 தொடக்கத்தில் டச்சுக்காரர்கள் மூட்டை கட்டினார்கள்.

ஆசிரியர் போனார், பள்ளியும் போனது, எழுத்து போகவில்லை. சிராயா மக்கள் தங்கள் விருப்பத்துக்கே அதன்பிறகு நூற்றைம்பது ஆண்டுகள் ரோமன் எழுத்தில் எழுதிக்கொண்டிருந்தார்கள். 1800-களின் தொடக்கம் வரை அப்படி எழுதிய தாள்கள் கிடைத்திருக்கின்றன. 1933-இல் ஜப்பானிய அறிஞர் முரகாமி நவோஜிரோ இவற்றைத் தொகுத்து 'சின்கான் ஆவணங்கள்' என்று பதிப்பித்தார். சிலவற்றில் ஒரு பாதி சீனம், மறுபாதி சிராயா.

என்ன எழுதினார்கள்? பாட்டோ கதையோ இல்லை. பெரும்பாலும் நிலப் பத்திரம். இன்னாருக்கு இந்த வயலை அடகு வைத்தேன், இன்ன தொகைக்கு விற்றேன் என்று. டச்சுக்காரர் போன பின் அந்த மொழியில் எழுதப்பட்டுத் தப்பியவற்றில் பெரும்பகுதி, அந்த மக்களின் நிலம் கைமாறிய கணக்கு. சிராயா ஏன் அழிந்தது என்று கேட்டால் நான் முதலில் கைகாட்டுவது அந்தத் தாள்களைத்தான். 1800-கள் முடிவதற்குள் அன்றாடப் பேச்சிலிருந்தும் அது மறைந்தது.

சமவெளி மொழிகள் எல்லாம் எப்படிப் போயின? யாராவது தடை செய்தார்களா?

தடை தேவைப்படவில்லை. 1683 முதல் 1895 வரை ஆண்ட சீனாவின் சிங் வம்ச அரசு பழங்குடியினரை 'வெந்தவர்', 'வேகாதவர்' என்று இரண்டாகப் பிரித்தது. வரி கட்டி, அரசுக்கு அடங்கிய சமவெளிக்காரர் வெந்தவர். மலையில் இருந்தவர் வேகாதவர். கடல் தாண்டி ஃபூஜியனிலிருந்து உழவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். முதலில் பழங்குடியினரின் நிலத்தில் குத்தகைக்கு உழுதார்கள். அடகு, கடன், விற்பனை என்று நிலம் மெல்ல அவர்கள் பக்கம் சாய்ந்தது. கடல் தாண்டி வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். பல காலம் குடும்பத்தை அழைத்துவர அரசே அனுமதிக்கவில்லை. 'சீனத்துத் தாத்தா உண்டு, சீனத்துப் பாட்டி இல்லை' என்று ஃபூஜியன்காரர்களின் பேச்சான ஹொக்கியனில் ஒரு பழமொழி இன்றும் வழங்குகிறது. பாட்டி எந்த மொழிக்காரி என்பதை அந்தப் பழமொழி சொல்லாமல் விட்டுவிடுகிறது. பேரப்பிள்ளைகள் சந்தை மொழியை, அதாவது தாத்தாவின் மொழியை, எடுத்துக்கொண்டார்கள்.

கேதகாலன், பபுசா, பபோரா, ஹொவான்யா, தவோகாஸ் எல்லாம் இந்த வழியில் போனவை. வடகோடியின் பசாய் மொழியை 1936-இல் அசாய் எரின் என்ற ஜப்பானியர் பதிவு செய்தபோது அதைச் சொல்லக் கிடைத்தவர் ஒரு வயதான பெண்.

ஜப்பானியர் அழித்தார்களா, காப்பாற்றினார்களா?

இரண்டும். 1895 முதல் 1945 வரை அவர்கள் ஆட்சி. ஒகாவா நவோயோஷி, அசாய் போன்றவர்கள் ஊர் ஊராக அலைந்து எழுதி வைத்திருக்காவிட்டால் பல மொழிகளின் பெயர் மட்டுமே நமக்கு மிஞ்சியிருக்கும். அதே அரசுதான் மலையூர்களில் காவலரையே வாத்தியாராக உட்கார வைத்துப் பிள்ளைகளுக்கு ஜப்பானியம் சொல்லிக்கொடுத்தது. உயரமான மலையில் இருந்த ஊர்களைக் கீழே இறக்கி, வெவ்வேறு குழுக்களை ஒரே இடத்தில் கலந்து குடியேற்றியதும் அதே அரசுதான். 1930-இல் வூஷே என்ற இடத்தில் செடிக் மக்கள் கிளர்ந்தெழுந்தபோது விமானமும் பீரங்கியும் கொண்டு அடக்கினார்கள்.

1934-இல் சன் மூன் ஏரியில் மின்திட்டத்துக்காக நீர்மட்டம் உயர்த்தப்பட்டது. தாவோ மக்களின் புனிதத் தீவான லாலுவின் பெரும்பகுதி நீரில் போனது; அவர்கள் வேறு இடத்துக்கு மாற்றப்பட்டார்கள். இப்போது அந்த ஏரி படகுச் சவாரிக்குப் பேர்போன சுற்றுலாத் தலம். தாவோ பேசத் தெரிந்தவர்கள் ஒரு சில முதியவர்கள். பிளஸ்ட் 2003-இல் வெளியிட்ட தாவோ அகராதி ஆயிரம் பக்கத்துக்கு மேல் போகிறது.

ஒரு விநோதமும் நடந்தது. ஈலான் மாவட்டத்தின் சில ஊர்களில் அத்தயல் என்ற பழங்குடி மொழியும் ஜப்பானியமும் கலந்து ஒரு புது மொழியே பிறந்து, சிலருக்குத் தாய்மொழியாகவும் ஆனது. ஜப்பானியர் போய் எண்பது ஆண்டுகள் ஆகிறது. அங்கே வயதானவர்கள் இன்னும் அதைப் பேசுகிறார்கள். அதற்கும் இப்போது மாண்டரினால்தான் ஆபத்து.

1945-க்குப் பிறகு ஏன் நிலைமை இன்னும் மோசமானது?

ஜப்பானியருக்குப் பின் தைவானை ஆண்ட சீனத் தேசியவாதக் கட்சியான கோமிந்தாங்கின் அரசு மாண்டரினை 'தேசமொழி' ஆக்கியது. 1949-இல் தொடங்கிய ராணுவச் சட்டம் 1987 வரை நீடித்தது. பள்ளியில் தாய்மொழி பேசிய பிள்ளைக்கு அபராதம், அடி, அல்லது கழுத்தில் ஒரு அட்டை. அடுத்து யாராவது வாய் தவறிப் பேசும்வரை அந்த அட்டை கழுத்திலேயே தொங்கும். அதனால் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் வேவு பார்த்தார்கள். ஹொக்கியன், ஹக்கா பேசிய பிள்ளைகளுக்கும் இதே கதைதான். ஆனால் அவர்கள் வீட்டுக்கு வெளியே தெருவும் கடையும் அவர்கள் மொழியில் நடந்தன.

பெயரும் போனது. எல்லோருக்கும் சீனப் பெயர் வைக்கச் சொல்லி, பதிவு அலுவலகத்தில் குடும்பப் பெயரை ஒதுக்கிக் கொடுத்தார்கள். உடன்பிறந்த அண்ணனுக்கு ஒரு குடும்பப் பெயர், தம்பிக்கு இன்னொன்று என்று விழுந்த குடும்பங்கள் உண்டு. இரண்டு தலைமுறை கழித்து யார் பங்காளி என்று தாளைப் பார்த்துச் சொல்ல முடியாமல் போனது.

பழைய பெயரைத் திரும்பப் பதிய 1995-இல்தான் வழி பிறந்தது. அதுவும் சீன எழுத்தில். சீன எழுத்தில் 'லீமா' போன்ற எளிய சொல் தப்பிக்கும். தொண்டையில் பிறக்கும் ஒலிகள் உள்ள பெயர் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். ரோமன் எழுத்தில் மட்டுமே பெயரைப் பதிந்துகொள்ள 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இவ்வளவுக்கும் நடுவில் மொழிக்கு ஒதுங்க இடம் கொடுத்தது தேவாலயம். மலையூர்களில் பெரும்பாலோர் அப்போது கிறிஸ்தவர்களாகியிருந்தார்கள். பிரசங்கமும் பாட்டும் தாய்மொழியில் நடந்தன. ரோமன் எழுத்துக்குக் கெடுபிடி இருந்ததால் புனுன் போன்ற மொழிகளின் முதல் வேதாகமப் பகுதிகளைச் சீன ஒலிக்குறிகளிலேயே அச்சிட்டார்கள். மூன்று நூற்றாண்டுக்கு முன்னால் பாதிரியார் தொடங்கி வைத்த வேலை சுற்றி வந்து மறுபடி அங்கேயே நின்றது.

அப்படியானால் பள்ளிதான் குற்றவாளியா?

பாதிதான். என் கணக்கில் பெரிய அடி 1960-களில் தொடங்கிய இடப்பெயர்வு. கட்டட வேலை, சுரங்கம், ஆழ்கடல் மீன்பிடி என்று இளைஞர்கள் ஊரை விட்டு இறங்கினார்கள். இன்று பழங்குடியினரில் ஏறக்குறையப் பாதிப் பேர் நகரங்களில் வசிக்கிறார்கள். ஒரே கட்டடத்தில் அமிஸ் குடும்பமும் பைவான் குடும்பமும் இருந்தால், படிக்கட்டில் பேசுவது மாண்டரின். அட்டை தொங்கிய பிள்ளை வளர்ந்து தாயானபோது, தன் பிள்ளைக்கு அந்த அவமானம் வேண்டாம் என்று வீட்டிலும் மாண்டரினே பேசினாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

ஒரு மொழி 'செத்துவிட்டது' என்று எந்த நாளில் சொல்வார்கள்?

புத்தகக் கணக்கில், கடைசியாக அதைத் தாய்மொழியாகப் பேசியவர் கண்மூடும் நாளில். மத்திய தைவானின் பசே மொழிக்கு அந்த ஆண்டு 2010. பான் சின்யூ என்ற மூதாட்டி புலி என்ற ஊரில் 96-ஆம் வயதில் காலமானார். லீ ஜென்குவேய், ட்சுசிதா ஷிகேரு இருவரும் அவரிடம் கேட்டுக் கேட்டு எழுதிய அகராதி 2001-இல் வந்தது. கதைகளும் பாட்டுகளும் அடுத்த ஆண்டு. தள்ளாத வயதிலும் அவர் வகுப்பெடுத்தார்.

எனக்கு இந்தக் கணக்கில் நம்பிக்கை இல்லை. பதில் சொல்ல ஆள் இல்லாத மொழி, கடைசி ஆள் இருக்கும்போதே நின்றுவிடுகிறது. 2010 என்பது இறப்புச் சான்றிதழின் தேதி, அவ்வளவுதான். பசேவுக்கு மிக நெருங்கிய கஹபு வழக்கைப் பேசத் தெரிந்த சிலர் அதே புலி வட்டாரத்தில் அதன் பிறகும் இருந்தார்கள்.

சகிசாயா என்று ஒரு இனம் 130 ஆண்டுகள் ஒளிந்திருந்தது உண்மையா?

உண்மை. 1878-இல் ஹுவாலியன் பகுதியில் சகிசாயாக்களும் கவலன்களும் சேர்ந்து சிங் படையை எதிர்த்தார்கள். சகிசாயாக்களின் ஊரான தகோபோவானைச் சுற்றி முள்மூங்கில் அரண் அடர்ந்து நின்றது. படை அதற்குத் தீ வைத்தது. தலைவர் கோமோத் பாசிக்கையும் அவர் மனைவி இசெப் கனசாவையும் கொடூரமாகக் கொன்றார்கள். தப்பியவர்கள் அமிஸ் ஊர்களுக்குள் கரைந்தார்கள். ஜப்பானியர் கணக்கெடுத்தபோதும் அமிஸ் என்றே பதிவானார்கள். வெளியே அமிஸ், வீட்டுக்குள் சகிசாயா. 2006-இல் பலமால் என்ற தீச்சடங்கை நடத்தி அந்தத் தலைவருக்கும் மனைவிக்கும் அஞ்சலி செய்தார்கள். 2007-இல் அரசு தனி இனமாக ஏற்றது. 2019-இல் சகிசாயா மொழிக்குத் தனி விக்கிபீடியாவே வந்துவிட்டது. தைவான் பழங்குடி மொழிகளில் அதுதான் முதல்.

இன்று எத்தனை மொழிகள், எத்தனை பேர்?

அரசு ஏற்ற இனங்கள் 16. மக்கள் ஏறத்தாழ 6 லட்சம், 2.3 கோடி தைவானியரில் இரண்டரை சதவீதம். அமிஸ் மட்டும் 2 லட்சத்துக்கு மேல். இந்த எண்கள் இனத்தின் எண்கள், பேசுவோரின் எண்கள் என்று நினைத்து ஏமாற வேண்டாம். அமிஸில்கூடச் சரளமாகப் பேசுவோர் பெரும்பாலும் பாட்டி தாத்தாக்கள். 2014-இல் கடைசியாக ஏற்கப்பட்ட கனகனவு, ஹ்லாலுவா இரண்டிலும் நன்றாகப் பேசத் தெரிந்தவர்களை ஒரே வேனில் ஏற்றிவிடலாம்.

சட்டம் போட்டுவிட்டார்களே, போதாதா?

2005-இல் பழங்குடி அடிப்படைச் சட்டம், அதே ஆண்டு தனித் தொலைக்காட்சி. பைவான் பாட்டியின் பேத்தியான அன்றைய அதிபர் சாய் இங்வென் 2016 ஆகஸ்ட் 1 அன்று அரசின் சார்பில் பழங்குடியினரிடம் மன்னிப்புக் கேட்டார். 2017-இல் வந்த சட்டம் இவற்றைத் தேசிய மொழிகள் என்று அறிவித்தது. 16 மொழிகளின் 42 வழக்குகளுக்கும் பாடநூல் தயாரிக்கிறார்கள். காகிதத்தில் இதைவிட நன்றாகச் செய்த நாடுகள் குறைவு.

நடைமுறையில் பள்ளியில் வாரத்துக்கு ஒரு பாடவேளை. மொழித்தேர்வில் தேறிய பழங்குடி மாணவருக்கு மேல்படிப்புச் சேர்க்கையில் 35 சதவீதம் கூடுதல் மதிப்பெண். பிள்ளைகள் தேர்வுக்காக உருப்போட்டு, மதிப்பெண் வாங்கியதும் மூட்டை கட்டி வைக்கிறார்கள் என்று ஊர்ப் பெரியவர்களே அலுத்துக்கொள்கிறார்கள். கூடுதல் மதிப்பெண் பெற்றோரின் பார்வையை மாற்றியது என்பது நிஜம். சாப்பாட்டு மேசையின் மொழியை மாற்றவில்லை.

நான் நம்பிக்கை வைப்பது மழலையர் பள்ளிகள் மீது. மாவோரிகள் 1982-இல் 'கோஹங்கா ரியோ' என்று தொடங்கியதைப் பார்த்து எழுந்த முறை இது: 'மொழிக்கூடு'. நாள் முழுக்கப் பாட்டிகளும் குழந்தைகளும் அந்த மொழியிலேயே சாப்பிட்டு, சண்டை போட்டு, தூங்குவார்கள். ஹவாயியர்களும் இதைப் பின்பற்றித்தான் புதுத் தலைமுறைப் பேச்சாளர்களை உண்டாக்கினார்கள். பாட்டி இருக்கும்வரைதான் இது பலிக்கும்.

பாட்டியும் போய்விட்ட மொழிக்கு வழியே இல்லையா?

மறுபடி சிராயாவுக்கு வருகிறேன். தைனானில் சிராயா வம்சத்தைச் சேர்ந்த உமா தலவான் குடும்பம் மொழியைத் தேடிக்கொண்டிருந்தது. அவரது கணவர் எட்கர் மகபிலி பிலிப்பைன்ஸ்காரர். பிசாயா அவர் தாய்மொழி. கிராவியஸின் மத்தேயு நற்செய்தியை வாங்கிப் பிரித்தவருக்குச் சொல் சொல்லாகப் புரிய ஆரம்பித்தது. நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் வீட்டை விட்டுப் போன கிளையின் வாரிசு, வீட்டிலேயே மறந்துபோன பேச்சை அடையாளம் கண்டுகொண்ட மாதிரி. அதை வைத்து அவர் தொகுத்த சொற்களஞ்சியம் 2008-இல் வந்தது. இப்போது பிள்ளைகளுக்கு சிராயாவில் பாட்டும் பாடமும் இருக்கின்றன.

1661-இன் சிராயாவும் இதுவும் ஒன்றா என்றால் இல்லை. உச்சரிப்பில் ஊகம் உண்டு, அன்றாடச் சொற்களில் ஓட்டை உண்டு. மத்தேயு எழுதியதில் சமையலறைப் பேச்சு குறைவு. அரசுப் பட்டியலின் 16-இல் சிராயா இன்றும் இல்லை. சமவெளி இனங்களை ஒதுக்கி வைத்தது தவறு என்று அரசியல் சாசன நீதிமன்றம் 2022-இல் தீர்ப்பளித்தது.

ஒரு சொல்லாவது கற்றுக்கொள்ள ஆசை. எது?

அமிஸில் முகமன் சொல்வது: 'ஙஆய் ஹோ'. 'ஙஆய்' என்றால் நல்லது. மாண்டரின் பேசுபவருக்கு முதல் ஒலியிலேயே நாக்கு சறுக்கும். நமக்கு அரிச்சுவடியில் மட்டும் பார்த்துப் பழகிய ங, அங்கே காலையில் எதிர்ப்படும் ஆளிடம் சொல்லும் முதல் எழுத்து. தமிழ் எழுத்தில் பார்த்துப் படித்தாலே ஏறக்குறையச் சரியாக வந்துவிடும். ங-வுக்குப் பின் ஒரு நொடி தொண்டையை அடைத்துத் திறக்க வேண்டும், அவ்வளவுதான்.